ஷமீமா சொல்லிக்கொடுத்த வினைச்சொல்

இரண்டாயிரமாம் ஆண்டு, இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு, தீவுத் தலைநகர் சுவாவின் சமபுலாவில் இந்தியர் குடியிருப்பே கிளம்பிக்கொண்டிருந்தது. ஆனால் கேட்டுப் பார்த்தால் ஒருவரும் எங்கும் போகவில்லை. வீடு காலியாகப் போகிறது என்று தெரிந்தால் திருடன் முந்திக்கொள்வான், வாங்க வருகிறவன் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். அதனால் மூச்சுவிடாமல் விற்று, மூச்சுவிடாமல் விமானம் ஏறினார்கள்.

பக்கத்து வீட்டு ஷமீமா அப்படிப்பட்டவள் இல்லை என்று ஜான்கி நம்பினாள். லம்பாசாக் கரும்புக்காட்டில் பிறந்து, சுவாவில் நர்ஸ் வேலையிலேயே தலை நரைத்தவள் ஜான்கி. டாக்டர் எழுதிய மருந்தையே இன்னொரு தடவை சரிபார்க்கிற சந்தேகப் பிறவி. ஷமீமா விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஷமீமா அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரபு சொல்லிக்கொடுப்பவள். ஊரடங்கு மாலைகளில் பிள்ளைகள் வரமாட்டார்கள். வேலிச் சந்து வழியாக ஜான்கிதான் வருவாள். பொழுது போகவேண்டுமே. வராந்தாக் கரும்பலகையில் ஷமீமா ஒரே வினைச்சொல்லை விதவிதமாக எழுதிக் காட்டுவாள்.

"ஹஜர. விட்டு விலகினான். வீட்டை விட்டாலும் அதுதான், சிநேகிதத்தை விட்டாலும் அதுதான். நடுவுல அழுத்தி ஹஜ்ஜரன்னு சொல்லு, இன்னொருத்தனை ஊரைவிட்டே துரத்தினான்னு ஆயிடும். முதல்ல நீட்டி ஹாஜர, அவனே நாட்டை விட்டுப் போனான். போனவன் முஹாஜிர். விட்டுட்டுப் போன வீடு மஹ்ஜூர்."

"நம்ம தெருவுக்குன்னே செஞ்ச வார்த்தை போல இருக்கே!" என்று ஜான்கி சிரித்தாள். "நாம இதுல எது?"

"எதுவும் இல்ல. நான் எங்க போவேன்? இங்கதான்."

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் ஜான்கி ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லவிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். புருஷன் நரேந்திரா போய்விடலாம் என்று தினமும் நச்சரித்தான். "ஷமீமா இருக்கா, நானும் இருப்பேன்" என்று அவன் வாயை அடைத்துவிடுவாள்.

புதன்கிழமை காலை, டியூட்டி முடிந்து வந்த கையோடு கறிவேப்பிலைக் கொத்தோடு சந்தில் நுழைந்தாள். வராந்தாவில் முன்பின் தெரியாத ஒரு இளம்பெண் நாற்காலிமேல் ஏறித் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷமீமா எங்கம்மா?"

"நேத்தே சிட்னிக்குப் போயிட்டாங்களே! கரும்பு நிலத்து லீஸ் முடிஞ்சு நாங்க லம்பாசாவுலேருந்து வந்தோம். வீட்டை வாங்கி ரெண்டு மாசமாச்சு, சாவிதான் நேத்து குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

ஜான்கி வராந்தாக் கரும்பலகையைப் பார்த்தாள். ரெண்டு மாசம்! அப்படியென்றால் வீட்டை விற்றுவிட்டுத்தான் அத்தனை மாலையும் பக்கத்தில் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுத்தாளா? பலகையில் அவள் கையெழுத்து இன்னும் அழியவில்லை. ஹஜர, ஹஜ்ஜர, ஹாஜர. பாடம் நடத்துகிற சாக்கில் என்னிடம் சொல்லித்தான் பார்த்தாளோ? சொல்லியிருக்கலாமே, பாவி. நான் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்?

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து இறங்கினாள். "அக்கா, நீங்க பக்கத்து வீடா? இருப்பீங்கல்ல? இங்க எனக்கு யாரையும் தெரியாது. பயமா இருக்கு."

"நான் எங்க போவேன்? இங்கதான்."

சொன்னது தன் வாய்தான் என்று ஜான்கிக்கு நம்பமுடியவில்லை. குரல்கூடப் பிசிறவில்லை. கறிவேப்பிலையை அவள் கையில் கொடுத்துவிட்டு வேகமாக வீட்டுக்குத் திரும்பினாள்.

"ஆக்லாந்துக்கு இப்பவே போன் போடுங்க, வரேன்னு சொல்லிடலாம்" என்றாள் நரேந்திராவிடம். அவன் போனை எடுத்தான். அவள் போய், சந்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க. அந்தப் பொண்ணுக்குக் கேட்டுடப் போவுது."