பென்சிலால் எழுதியது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் பாதி அதனால்தான் நடந்தது.

நான் வேலை செய்வது களுவாஞ்சிக்குடிப் பக்கம், வாவிக்கரையில் இருக்கும் ஒரு சின்னப் பொது நூலகத்தில். நூலகர் நான். உதவியாளர் ஒரு அக்கா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வேறு ஆள் கிடையாது. போன வருடம் எங்கள் இரண்டு பேரையும் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். புத்தகப் பட்டியலை இணையத்தில் ஏற்றுவது எப்படி, வாசகர்கள் வீட்டிலிருந்தே பார்க்க லிங்க் அனுப்புவது எப்படி என்று சொல்லித் தந்தார்கள். நான் முன்வரிசையில் இருந்து கொப்பி நிறைய எழுதினேன். அக்கா பின்வரிசையில் மவுஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த அடுத்த நாளே வேலையைத் தொடங்கினோம். ஒரே கோப்பு, அதற்குள் இரண்டு தாள்கள். முதல் தாள் புத்தகங்களுக்கு, இரண்டாவது தாள் வாசகர்களுக்கு. ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதலாம் என்பதை அக்கா கடைசிவரை நம்பவில்லை. நான் எழுதும் பெட்டி அவருடைய திரையில் பச்சை நிறத்தில் நகர்வதைப் பார்த்து, "மிஸ், நீங்க என்ட பெட்டிக்குள்ள வாறீங்க. கொஞ்சம் தள்ளி இரிங்க" என்பார். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டால்கூடத் திருப்திப்படுவார். முதல் கிழமை ஏழு நாளும் எரிச்சலாக இருந்தது. பிறகு காலையில் கணினியைத் திறந்தவுடன் அவருடைய பெட்டி எங்கே நிற்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

வாசகர் தாளுக்கு எங்கள் பழைய அங்கத்தவர் பதிவேட்டைப் பார்த்து எழுதினோம். அதில் பேர், முகவரிக்குப் பக்கத்தில் ஓரமாக அக்கா பென்சிலால் ஏதாவது குறித்து வைத்திருப்பார். பத்து வருடப் பழக்கம். "கண் தெரியாது, பெரிய எழுத்துக் கொடுக்க." "பேப்பரில் குறுக்கெழுத்தை நிரப்பிவிடுவார், மற்றவர்கள் பார்த்த பிறகு கொடுக்க." "மனைவி தவறிப்போன கிழமை எடுத்த புத்தகம், திருப்பிக் கேட்க வேண்டாம்." யார் வந்தாலும் அந்த ஓரத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் வாய் திறப்போம். எங்கள் நூலகம் நடந்ததே அந்தப் பென்சிலால்தான் என்று சொல்வேன்.

"மிஸ், இந்தப் பென்சில்ல கிடக்கிறதையும் போடணுமா?" என்று அக்கா கேட்டார்.

"எல்லாத்தையும் போடுங்க அக்கா. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது."

"இது நம்மட பார்வைக்குத்தானே எழுதினது."

"இதுவும் நம்மட பார்வைக்குத்தான். சொன்னதச் செய்யுங்களன்."

அக்கா கணினிப் பக்கம் திரும்பினார். ஒரு எழுத்து விடாமல் அடித்தார்.

வாசகர்களில் ஒருவர் மீன் விற்கிற பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். விடியச் சந்தையில் மணலை மீனும் இறாலும் விற்று முடித்து, வெளிக் குழாயில் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவி, சேலைத் தலைப்பில் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் உள்ளே வருவார். எடுப்பதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் புத்தகம். அக்காவின் பேரனுக்கு என்பார். அவருக்குக் கூடப்பிறந்த அக்காவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் ஊர்விட்டு ஊர் ஓடியதில் அவர் பள்ளிக்கூடம் போகவே இல்லை. இப்போது தானாகவே எழுத்துக் கூட்டப் பழகிக்கொண்டிருந்தார். தெரியாத எழுத்து வந்தால் அலுமாரிக்குப் பின்னால் நின்று எங்கள் அக்காவிடம் மெதுவாகக் கேட்பார்.

அவருக்கு ஒரே மகள். கம்பஸில் பட்டத்துக்குப் படிக்கிறாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது அந்த மகளுக்குத் தெரியாது. சின்ன வயதில் ஒவ்வொரு பின்னேரமும் கொப்பியைத் திறக்கச் சொல்லி, "வாசி பாப்பம்" என்று பக்கத்தில் இருந்து கேட்டு, தலையாட்டி வளர்த்திருக்கிறார். அம்மா சரிபார்க்கிறார் என்று நம்பியே அவள் படித்து முன்னுக்கு வந்தாள். "அவள் கம்பஸ் முடிக்கிறதுக்குள்ள நான் படிச்சிரணும்கா. அவளுக்குத் தெரியவே கூடாது" என்று ஒருநாள் அக்காவிடம் சொன்னாராம். அன்றைக்கு அக்கா பதிவேட்டில் குறித்தது இதுதான்: "அக்காவின் பேரனுக்கு என்பார். தனக்குத்தான். எழுத்துப் பழகுகிறார். ஆட்களுக்கு முன்னால் கேட்க வேண்டாம்."

வேலை முடிந்தது. புத்தகப் பட்டியலின் லிங்கை, போனில் இருக்கும் எங்கள் வாசகர் குழுவுக்கு நானே அனுப்பினேன். கீழே ஒரு பூப்படமும் போட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மூன்றாம் நாள், குறுக்கெழுத்து நிரப்புகிற ஓய்வுபெற்ற தபால்காரர் வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஏன் புள்ள, நான் பேப்பரக் கிறுக்கிறத ஊருக்கே சொல்லிப்போட்டீங்களே" என்று சிரித்தார்.

விளங்கவில்லை. அவர் போனை நீட்டினார். கோப்புக்கு லிங்க் கொடுத்தால் உள்ளே இருக்கும் இரண்டு தாளும் சேர்ந்தே போகும் என்பது என் கொப்பியில் எங்கேயும் இல்லை. இரண்டாவது தாள் அப்படியே திறந்து கிடந்தது. பேர், ஊர், பென்சில் குறிப்பு, எல்லாம்.

தாளை அழித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

"மீன் விக்கிறவட மகளும் அந்தக் குழுவுல இரிக்காள் மிஸ்" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிச் சமாளித்திருப்பேன். திட்டவில்லை. போய்ப் பதிவேட்டை எடுத்து, அழிறப்பரால் ஓரங்களை அழிக்கத் தொடங்கினார். பக்கம் பக்கமாக அழித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஒரு மனுஷி வருடக்கணக்காகப் பொத்திவைத்ததை நான் பூப்படம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அந்தக் கிழமை அந்தப் பெண் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. பதினொரு மணியானால் நாங்கள் இரண்டு பேரும் குழாயடியைப் பார்ப்போம். சந்தையில் போய் நாலு பேருக்கு முன்னால் கதைக்க முடியாது. கடைசியில் ஒரு போயா விடுமுறை நாளில், அக்காவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே போனேன்.

முற்றத்தில் மீன்கூடைகளைக் கவிழ்த்துக் காய வைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. கடைசிக் கூடையையும் கவிழ்த்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"பிழை என்னுடையது. அக்கா வேணாமெண்டுதான் சொன்னவ. நான்தான் போடச் சொன்னது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன்.

"கோவம்தான் மிஸ். இல்லெண்டு சொல்லமாட்டன்" என்றார். "எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு தெரிஞ்சிக்கிட்டு, என்னைப் பத்தி எழுதி வச்சிரிக்கிங்க. அதுதான் எனக்குப் பொறுக்கல்ல. ஊர் பாத்தது மறுகா, அதுக்குப் பிறகுதான்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொன்னது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஊர் பார்த்ததை நினைத்தே நான் இத்தனை நாளும் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேருக்கும் கதிரை போட்டுவிட்டுத் தான் படியில் குந்தினார்.

"மகள் வெள்ளிக்கிழமை வந்தவள்" என்றார். "வந்ததும் வராததுமாப் போனை நீட்டினாள். அம்மா, இது உங்கட பேரா, என்ன எழுதியிரிக்கி, வாசிங்க எண்டாள். கண்ணாடி இல்ல எண்டு சொல்ல வாய் வந்திச்சு. எத்தின வருசமாச் சொன்ன பொய். ஆனா என்ட பேரு எனக்குத் தெரிஞ்சிது மிஸ். அதப் பாத்தாப்போல பக்கத்தில இரிந்ததையும் கூட்டத் தொடங்கிட்டன். எழுத்துச் சின்னது. அவள் விரிச்சுப் பிடிச்சாள். வாசிச்சுக்கொண்டு போகக்குள்ள என்னத்தப் பத்தினதெண்டு எனக்கு விளங்கல்ல. முடியக்குள்ளதான் விளங்கிச்சு, அது நான்தான் எண்டு."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அழுதாளா?" என்று அக்கா கேட்டார்.

"அழுதாள். அப்ப சின்னதில என்ட கொப்பியப் பாத்து என்னத்துக்கும்மா தலையாட்டினீங்க எண்டு கேட்டாள். நீ வாசிக்கிற சத்தம் நல்லா இரிந்திச்சு மகள், அதுக்குத்தான் எண்டன். மறுகா கிட்ட வந்து குந்தி, இன்னொருக்கா வாசிங்கம்மா எண்டாள். வாசிச்சன். இன்னொருக்கா எண்டாள். அவள் தலையாட்டிக்கொண்டிரிந்தாள் மிஸ். நாலு தரம் வாசிச்சன். நாலாம் தரம் எங்கயும் நிக்கல்ல."