புதுக் காபன்

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இயங்கிய எங்கள் கல்வி அலுவலகத்துக்கு அரைச்சுவர் மட்டுந்தான் இருந்தது. மிச்சத்தைத் தென்னோலைக் கிடுகு மறைத்தது. எங்கள் அதிகாரி இரகசியம் பேசத் தொடங்கினால், எதிரே நிவாரண அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் நிற்பவர்கள் தங்கள் கதையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். அவருடைய குசுகுசுப்பு அவ்வளவு கனமானது.

ஆசிரியர் இடமாற்றப் பட்டியலைத் தட்டச்சுச் செய்யத் தந்தபோதும் அப்படித்தான்.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை கையெழுத்து வைச்சாப் பிறகு ஒண்டும் மாத்தேலாது. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்."

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய விசயத்தை அதுவரை யாரும் என்னை நம்பித் தந்ததில்லை.

அந்த யுத்த நாட்களில் தடை தாண்டி வவுனியாவிலிருந்து நகலெடுக்கும் காபன் தாள் வருவது அரிது. ஒரு தாளைச் சல்லடையாகும்வரை பாவிப்போம். அன்று பட்டியலுக்கென்றே அதிகாரி தன் மேசை லாச்சியிலிருந்து புதுத் தாள் ஒன்று எடுத்துத் தந்தார். தட்டி முடித்ததும் பட்டியலையும் நகலையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். திறப்பைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். காபனை, பக்கத்து மேசைக் கிளாக்கர் கேட்டதும் கொடுத்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் காபன் இல்லை என்பது, வந்தவருக்குத் தண்ணீர் இல்லை என்பது மாதிரி.

ஒருமுறை மட்டும் பாவித்த காபனை வெயிலுக்குப் பிடித்தால் தட்டியதெல்லாம் எழுத்தெழுத்தாகத் தெரியும். கிளாக்கர் பிடித்துப் பார்த்தார். பின்னேரத்துக்குள் சங்கக்கடை வரிசை முழுவதற்கும் பட்டியல் பாடம். நான் மட்டும் திறப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலில் என் சிநேகிதியின் பெயரும் இருந்தது. அடுத்த வீட்டுக்காரி, ஆசிரியை. தினமும் ஒரே சைக்கிளில் வேலைக்குப் போய் வருவோம். அவளை முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். அவளுடைய தாயோ பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்தார். அதைச் சொல்லி வெள்ளிக்கு முன் ஒரு கடிதம் கொடுத்தால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

புதன்கிழமை அவளே கேட்டாள்.

"உண்மையைச் சொல்லும், என்ர பேர் கிடக்கோ?"

"ஒபிஸ் கதையள் என்னட்டைக் கேளாதையும்."

அவள் சிரித்தாள். "அப்ப இல்லை. இருந்தால் நீர் சொல்லாமல் இருப்பீரே?"

அதற்கும் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தேன். மனம் குத்தத்தான் செய்தது. ஆனால் பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அவள் இடமாற்றக் கடிதத்தோடு அலுவலகத்துக்கு வந்தாள். கிளாக்கர் எழுந்து கதிரை கொடுத்தார்.

"ரீச்சர், ஏன் போன கிழமையே எழுதித் தரேல்லை? நாங்கள் எல்லாரும் காபனிலை பாத்திட்டம்."

"அப்ப ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"இவாவோடதானே சைக்கிளிலை வாறனீங்கள்? இவா சொல்லியிருப்பா எண்டு விட்டிட்டம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உம்மோடை சிநேகிதமாய் இருந்தபடியால்தான் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

தாயை யாரிடம் விட்டுப் போவது என்று அந்தக் கிழமை முழுவதும் அவள் வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தாள். அடுத்த வீட்டில் இருந்த என்னிடம் கேட்கவில்லை.