அக்கா சாய்ந்து பேசிய கதவு

போன மாதம் எங்கள் பழைய அம்பாசிடரைப் பட்டறையில் விட்டிருந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் என்று மகனே முடிவு செய்துவிட்டான். "இந்தத் தகர டப்பாவ எப்பப்பா விக்கப் போறீங்க" என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன்தான். இப்போது அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தால் எடுப்பாக இருக்குமாம். இருந்துவிட்டுப் போகட்டும். பழைய காருக்கும் பழைய ஆளுக்கும் கல்யாண வீட்டில்தான் திடீரென்று மரியாதை வருகிறது.

பட்டறைக்காரருக்கு முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். கதவுகள் இறங்கியிருக்கின்றன, தூக்கி வைக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு கதவையும் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். கீல் தேய்ந்திருந்தால் கதவு கையோடு மேலே வரும், விட்டால் டொக்கென்று இறங்கும். பின்கதவு இரண்டும் டொக்கு டொக்கு என்றன. நான் ஏறி இறங்கும் டிரைவர் பக்கக் கதவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியாக இடது முன்கதவுக்கு வந்தார். தூக்கினார், அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"சார், இந்தக் கதவ மட்டும் புதுசா மாத்துனீங்களா?"

"இல்லயே. கீலுக்கு ஆணி மாத்துனதுதான். அதுவும் இருபத்தஞ்சு வருசம் இருக்கும்."

"இருபத்தஞ்சு வருசமா? அப்ப இந்தப் பக்கம் ஆளே ஒக்காரலயா?"

உட்காராமல் என்ன? என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளைகள் சண்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாய்ந்தவர்கள்தான் யாரும் இல்லை. அதைப் பட்டறையில் வைத்து எப்படி விளக்குவது? டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். கதவைத் திறந்தபோது சீட்டிலிருந்து கிளம்பிய ஏலக்காய் வாசனை டீக்கடை வரைக்கும் கூடவே வந்தது. அந்த வாசனை போகாது. ரெக்சினை இரண்டு தடவை மாற்றியாயிற்று, அப்படியும் போகவில்லை. அப்பா காலத்தில் டிக்கியிலும் பின்சீட்டிலும் மூட்டை மூட்டையாக ஏறிய ஏலக்காய் அது. பள்ளிக்கூடத்தில் என் சட்டையிலும் அந்த வாசனை அடிக்கும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவனே கிடையாது, எல்லாருக்கும் நான் 'ஏலக்கா'தான். எங்கள் ஊர் போடியில் பாதிப் பேர் வீட்டில் அதே வாசனைதான், ஆனாலும் பட்டப்பெயர் எனக்கு மட்டும்.

அப்பாவுக்குப் பிறகு ஏலக்காய்க் கடையும் காரும் என் கைக்கு வந்தன. இரண்டில் எதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறேனோ இல்லையோ, துணியும் வாளியுமாகக் கார் முன்னால் நிற்பேன். "அடுத்த சென்மத்துல அந்தக் காராப் பெறக்கணும்" என்று என் மனைவி சொல்லாத நாள் கிடையாது.

எனக்கு ஒரே அக்கா. மூன்று வயது மூத்தவள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்தோம். கொடுக்கும்போது அப்பா அவர்கள் தோட்டத்தை ஒட்டியே இரண்டு ஏக்கர் சரிவு நிலம் வாங்கி அக்கா பேருக்கே எழுதி வைத்தார். காடாகக் கிடந்த இடம். ஒவ்வொரு செடியும் அவள் நட்டது. மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, காலில் அட்டை ஏற ஏற நட்டாள். போடிக்கு வந்தால் "என் தோட்டம்" என்றுதான் சொல்வாள். "எங்க தோட்டம்" என்றால் அது மாமனார் வீட்டுத் தோட்டம். அந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அம்மா விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்த காலத்தில், சனிக்கிழமை தோறும் அக்கா ஜீப் ஏறிக் கீழே வருவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் காரில் கொண்டுபோய் விடுவேன். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டு முன்சீட்டில் உட்காருவாள். பின்னால் உட்கார்ந்தால் வளைவில் குடலைப் பிரட்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரை வாயைத் திறக்க மாட்டாள். போடிமெட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவர்கள் தோட்டத்துக்குப் பிரிகிற ஜீப்புப் பாதை. அதற்குமேல் கார் போகாது. நான் வண்டியை இறக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிட்டு வந்து உட்காருவேன். அக்கா இறங்குவாள். இறங்கி, திறந்த கதவின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, உடம்பை அப்படியே சாய்த்துக்கொண்டு, "சரி அப்பு, வர்றேன்" என்பாள்.

வர்றேன் என்றால் போகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் பேச்சே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். முதல் வர்றேனுக்குப் பிறகு அம்மாவின் மாத்திரை, கஞ்சி, என் மனைவிக்குச் சொல்ல மறந்த ஊறுகாய்ப் பக்குவம். இரண்டாவது வர்றேனுக்குப் பிறகு, இந்த மழைக்குச் செடியில் பூச்சரம் எப்படி இறங்கியிருக்கிறது, அழுகல் எங்கே விழுந்திருக்கிறது. மூன்றாவது வர்றேன் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பாள். மஞ்சு, அதாவது மலைப்பனி, வந்து பாதையை மூடும். அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான சங்கதி. கொழுந்தன் பெண்டாட்டி சொன்ன சொல், அத்தான் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் போன கோபம், எல்லாம் அப்போதுதான் வரும். அவள் வீட்டில் பேசினால் ஏழெட்டுக் காது இருக்கும். எங்கள் வீட்டில் பேசினால் அம்மா அழும். காருக்குள் பேசலாம் என்றால், வளைவில் வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வெளியே வந்துவிடும். ஆக அவளுக்கு உலகத்திலேயே வாய்விட்டுப் பேச இருந்த இடம் அந்தக் கதவு ஒன்றுதான். எனக்கு இது அப்போது தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கதவு இறங்குகிறது என்பது மட்டும்தான்.

அக்கா கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். வாராவாரம் அரைமணி நேரம் அந்தக் கனம் விழுந்தால் கீல் என்ன செய்யும்? கதவு தொங்கி, நுனி கீழே இறங்கி, மூடும்போது லாக்கு போய்க் கொண்டியில் மாட்டாமல் இடித்தது. நான் பெரிய மேதாவி மாதிரி, கதவைத் தூக்குவதற்குப் பதிலாகக் காரின் கதவுத் தூணில் இருந்த கொண்டியைக் கழற்றிக் கீழே இறக்கி வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வளைவில் கதவு படாரென்று திறந்துகொண்டது. அக்கா எட்டிப் பிடித்து இழுத்து, மெட்டு வரைக்கும் சன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வாயைத் திறக்க முடியாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "மதிடா அப்பு, ஒன் மெக்கானிக் வேல மதி." 'போதும்' என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். மலையில் இருந்து இருந்து அவளுக்கு மலையாளம் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகுதான் காஜா அண்ணன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் நான் இறக்கி வைத்த கொண்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "செருப்பு கடிச்சா கால வெட்டுவீகளா?" என்று கேட்டார். கதவுக்கு அடியில் கட்டையும் சாக்கும் வைத்து ஜாக்கியால் முட்டுக்கொடுத்து, கீல் ஆணியை மாற்றி, மெல்லிய தகடு ஒன்றைக் கீலுக்குப் பின்னால் சொருகி, ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி ஒரு பகல் முழுக்கப் பார்த்தார். கொண்டியைக் கடைசியில்தான் தொட்டார். சாயங்காலம் ஒரு விரலால் தள்ளினேன். 'டப்' என்று ஒரே சத்தம். எனக்கு அன்றைக்குப் பசியே எடுக்கவில்லை.

கிளம்பும்போது அண்ணன் சொன்னார்: "கதவுல தொங்குற ஆளு யாரு? அவுகள மொதல்ல நிப்பாட்டுங்க. இல்லேன்னா ஆறு மாசத்துல திரும்ப இங்கதான் வருவீக."

நிப்பாட்டினேன். அந்த வாரமே நிப்பாட்டினேன். பாதை பிரிகிற இடத்தில் தோட்டத்து ஜீப்பு ஒன்று நின்றிருந்தது, உள்ளே வேலைக்காரப் பெண்களும் அக்காவின் கொழுந்தனும். அக்கா இறங்கி, வழக்கம்போல முழங்கையை ஊன்றினாள். "சரி அப்பு, வர்..."

"எருமையாட்டம் சாயாதக்கா! இப்பத்தான் பாடுபட்டுத் தூக்கி வச்சிருக்கேன்!"

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொழுந்தன் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான். அக்காவும் சிரித்தாள். ஆனால் அடுப்பில் கை பட்டவள் மாதிரி இரண்டு கையையும் வெடுக்கென்று எடுத்துவிட்டாள். இரண்டு உள்ளங்கையாலும் கதவை மெதுவாகச் சாத்தினாள். "வர்றேன்" என்று ஒரு தடவை சொன்னாள், போய்விட்டாள். எனக்கு அந்த 'டப்' சத்தம் காதுக்குள் நின்றதே தவிர, அவள் முகம் நிற்கவில்லை. வெரசாக வீட்டுக்கு வந்து, கதவை இன்னும் நாலு தடவை மூடிப் பார்த்தேன்.

அதற்கப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். இறங்குவாள், சாத்துவாள், இரண்டடி தள்ளி நிற்பாள், ஒரு வர்றேன். எனக்கு நேரம் மிச்சம். பின்னால் யோசித்துப் பார்த்தால், அதில் அடுத்தடுத்து மூன்று வாரம் அவள் உடனே போகவில்லை என்பது ஞாபகத்துக்கு வருகிறது. தள்ளி நின்று சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்கி "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்லடா, மஞ்சு எறங்குது, நீ போ" என்றாள். நானும் கல்லை எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நாலாவது வாரம் கடைக்கு வந்த ஒருவர் பேச்சோடு பேச்சாக, "ஒங்க அக்கா தோட்டமும் கை மாறிருச்சாமே" என்றார். கொழுந்தன்கள் திருப்பூரில் தொழில் தொடங்கப் போகிறார்கள், மொத்தத்தையும் விற்கிறார்கள், அக்காவிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். மூன்று வாரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டாள். அன்றைக்கே மலை ஏறினேன். அவள் வீட்டுக்குப் பின்னால், விறகடுக்கிற இடத்தில் வைத்துக் கேட்டேன்.

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லலாம்னுதான்டா இருந்தேன். நீ சோலியா இருந்த."

நான் என்ன சோலியாக இருந்தேன்? சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறந்த வீட்டு ஆள் ஒருத்தன் அந்த முற்றத்தில் நின்று, "எங்கப்பா எங்கக்காவுக்குக் குடுத்தது, யாரும் தொடக்கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீட்டில் மறுபேச்சு இருந்திருக்காது. அப்போது அந்த வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அவள் அதற்காகத்தான் மூன்று வாரம் நின்றாள். கதவில் சாய்ந்திருந்தால் சொல்லியிருப்பாளா என்று கேட்டால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கைதான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

திருப்பூருக்குப் போனார்கள். மாடி வீடு. மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஏலச்செடி ஒன்று வைத்திருந்தாள். இலை விட்டது, காய்க்கவில்லை. அந்த வெயிலில் ஏலம் எங்கே காய்க்கும்? போகும்போதெல்லாம் அதன் பக்கத்தில் நின்று, "நல்லா இருக்குல்ல?" என்பாள். நானும் நல்லா இருக்கு என்பேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

மகன் கல்யாணத்துக்கு அவள் மகள் வந்திருந்தாள். அதே உயரம், அதே பூசின உடம்பு. கல்யாணம் முடிந்து ஊருக்குக் கிளம்பியவளை மதுரை ரயில் ஏற்றிவிடக் காரில் நான்தான் கூட்டிப்போனேன். முந்தின நாள்தான் போடிமெட்டுப் பக்கம் போய்வந்திருந்தேன். அந்தப் பாதை பிரிகிற இடத்தில் இப்போது ரோட்டை அகலப்படுத்தி, ஓரத்தில் இரும்புத் தடுப்பு அடித்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்த இடமில்லை. அதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினேன். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அவள் இறங்கினாள். "சரி மாமா, வர்றேன்" என்றாள். போகவில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்று முழங்கையைக் கதவின் மேல் வைத்தாள். வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள்.

"ஐயோ, மறந்துட்டேன் மாமா. மாமா காருக் கதவுல சாயக்கூடாதுன்னு அம்மா சொல்லிச் சொல்லி வளத்துச்சு."

"சாஞ்சுக்கம்மா. பரவால்ல, சாஞ்சுக்க."

"வேணாம் மாமா, எறங்கிரும்." சிரித்தாள்.

"என்னமோ சொல்லணும்னயே?"

"அது ஒண்ணுமில்ல மாமா. போன்ல பேசுறேன்."

இரண்டு உள்ளங்கையாலும் மெதுவாகச் சாத்தினாள். கதவு ஒரே சத்தத்தில், அழகாக மூடிக்கொண்டது.