மாமனாருக்குத் தையல் சொல்லித்தரும் மருமகள்

இன்று சந்தித்த ஒருவரைப் பற்றி உடனே எழுதிவிட வேண்டும், ஆறப்போட மனசு வரவில்லை. அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கே தையல் சொல்லித்தரும் டாக்டர் அவர். வயிற்றுச் சுவர் விட்டுப்போய்க் குடல் பிதுங்குமே, ஹெர்னியா, அதைச் சரிசெய்யப் பயிற்சி கொடுக்கிறார். வகுப்பில் எல்லாருக்கும் அவர் மேடம். ஒரே ஒரு மாணவருக்கு மட்டும் மருமகள்.

ஆமாம், மாமனாரும் அங்கே படித்தவர்தான். தலை நரைத்த சர்ஜன். போட்ட முடிச்சு அசையாது என்பதால் 'இரும்பு முடிச்சு' என்று பட்டப்பெயர். அப்படிப்பட்டவரை மறுபடி வகுப்புக்கு அனுப்பியவர் ஒரு பள்ளி வேன் டிரைவர். குடலில் ஓட்டை விழுந்து சாகக் கிடந்தவரை முன்பு காப்பாற்றியது இரும்பு முடிச்சுதான். உயிர் நின்றது, தையல் நிற்கவில்லை. தழும்பு வழியாக வயிறு பந்தாகப் பிதுங்கிவிட்டது.

"ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவுல இன்னொருத்தன் உக்காந்திருக்கான் சார்" என்று டிரைவர் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். இரும்பு முடிச்சுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் கேட்டார். "உன் கிளாஸ்ல எனக்கு ஒரு எடம் கெடைக்குமாம்மா? அந்த டிரைவர நானே சரி பண்ணணும்."

மாமியார் முந்திக்கொண்டார். "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா? இவரு அம்பதையும் தாண்டியாச்சு. சட்ட பட்டன் அறுந்தா இன்னிக்கும் எங்கிட்டதான் வந்து நிக்கறாரு."

"வாங்க மாமா. ஆனா நான் பாஸ் பண்ணினாத்தான் டிரைவர் மேல கை வைக்கலாம்" என்றார் மருமகள்.

"சரிங்க வாத்தியாரம்மா."

வகுப்பு நடப்பது ஆஸ்பத்திரியின் பழைய சலவை அறையில். தண்ணீர்க் குழாய்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. மேசைக்கு மேசை ஒரு மரச்சட்டம். அதில் இழுத்துக் கட்டிய ரப்பரும் துணியும்தான் வயிறு. பின்னால் ஒரு பலூன். தைத்து முடித்ததும் மேடம் வந்து காற்றடிப்பார். அதற்குப் பெயர் இருமல். இருமலுக்குத் தையல் தாங்கினால் பாஸ்.

முதல் நாள் இரும்பு முடிச்சு தைத்த வயிறு இருமியது. முடிச்சுகள் எல்லாம் கல்லு மாதிரி நின்றன. துணிதான் நூலோரமாகக் கிழிந்தது.

"துணி மட்டமான சரக்கும்மா."

"ஒடம்பும் அதே சரக்குதான் சார். இறுக்கினா அந்த எடத்துக்கு ரத்தம் போகாது. நூலே அறுத்துடும். ரெண்டு ஓரமும் தொட்டுக்கிட்டா போதும், நெரிக்கக் கூடாது."

கிழிந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர். டிரைவரின் தழும்பு கண்ணுக்குள் நின்றது.

அறிவுக்குப் புரிந்தது கைக்குப் புரியவில்லை. அடுத்த வாரமும் ஃபெயில், அதற்கடுத்த வாரமும் ஃபெயில். மாமியாரே தாங்காமல் கேட்டுவிட்டார். "மாமனார ஃபெயில் பண்ணிட்டு ஒரே கார்ல வேற கூட்டிட்டு வர்றியேடி."

"கார் வேற, கிளாஸ் வேற அத்தை."

ஒருவழியாகச் சட்டத்து வயிறு தாங்கியது, மறுபடி மறுபடி தாங்கியது. அப்புறம்தான் மேடம் டிரைவரிடம் போனார். எதையும் மறைக்கவில்லை. "மொதல்ல போட்ட தையல் இறுக்கமா இருந்து விட்டுப்போயிருக்கலாம். அதே சார்தான் இப்பவும் தைக்கப்போறாரு. நான் எதிர்ல நிப்பேன். பழைய கை வந்துச்சுன்னா ஊசிய நான் வாங்கிப்பேன். உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்."

டிரைவர் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு உயிர உள்ள வெச்சவரு. வயித்தையும் உள்ள வெக்கட்டும் மேடம்."

அறுவை சிகிச்சை நாளில் குடலை உள்ளே தள்ளி, தசைக்குப் பின்னால் தாங்கலுக்கு ஒரு செயற்கை வலையை விரித்தாயிற்று. முன்பக்கம் தைக்க வேண்டியதுதான் பாக்கி. பொடிப்பொடித் தையலாகப் பெரியவர் இறங்கி வந்தார். விறைப்பான நடுப்பகுதி வந்ததும் மணிக்கட்டு தன்னையறியாமல் திருகியது. நூல் சதைக்குள் புதைந்தது, ஓரம் வெளுத்தது.

மேடம் பார்த்துவிட்டார். சுற்றிலும் மாணவர்கள். மாமனார் கையிலிருந்து ஊசியைப் பிடுங்க வேண்டும். மேடத்தின் கை மெல்ல நீண்டது.

"கத்திரி குடுங்க சிஸ்டர்" என்றார் இரும்பு முடிச்சு. தன் தையலைத் தானே அறுத்தார். "இறுக்கிட்டேன். மொதல்லேர்ந்து போடறேன்."

மேடம் கையை இழுத்துக்கொண்டார். "போடுங்க மாமா."

ஆபரேஷன் தியேட்டருக்குள் மேடம் மாமா என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. டிரைவர் வயிறு தட்டையாக வேன் ஓட்டுகிறார். புது மாணவர்கள் வந்தால் அவரே வந்து, சட்டையைத் தூக்கி, ஓங்கி இருமிக் காட்டுகிறார். இன்று நானும் பார்த்தேன். "இப்ப பட்டன்கூட இவரே தெச்சுக்கறாரு. கொஞ்சம் லூசாத்தான் இருக்கு" என்று மாமியார் சொன்னதையும் கேட்டேன்.

உங்கள் வீட்டில் யாராவது வயிற்றுப் புடைப்பை வேட்டிக்குள்ளேயும் புடவைக்குள்ளேயும் மறைத்துக்கொண்டு திரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். தெரிந்த சர்ஜன் இருந்தால், அவர் எத்தனை பெரியவராக இருந்தாலும் சரி, அந்தச் சலவை அறைக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள்.