அப்பா மிதிக்காத விரிப்பு

என் தம்பி பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் வீடு கட்டினான். கட்டினான் என்றால், ஊரே நின்று பார்க்கிற மாதிரிக் கட்டினான். கேட்டுக்கு இரண்டு பக்கமும் சிங்கம், மாடிப்படிக்குக் கண்ணாடி அடைப்பு, கூடம் முழுக்கக் குனிந்தால் நம் முகமே தெரிகிற டைல்ஸ். தரையில் முகம் பார்க்கிறதுக்கு உனக்கு எங்கேடா நேரம் என்று கேட்டேன். "இது இத்தாலி மாடல்க்கா" என்றான். இத்தாலிக்காரன் வீட்டில் கண் தெரியாத அப்பா யாரும் இருப்பதில்லை போலிருக்கிறது.

எங்கள் அப்பா வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் செடியின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிய மனிதர். கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் இப்போது தெரியும். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவரைக்கும் அது பெரிய குறையாகவே இல்லை. ஒரு அறை, ஒரு அடுப்படி. சிமென்ட் தரையில் எங்கே பள்ளம், எங்கே வெடிப்பு என்பதெல்லாம் அவர் காலுக்கு மனப்பாடம். ஆனால் வேலை முடிந்தால் லயத்தைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான் குமுளியில் ஏலக்காய் ரகம் பிரிக்கிற வேலையில் இருக்கிறேன். குடியிருப்பது செங்குத்தான படியேறிப் போகிற ஒற்றை மாடி அறை. அதனால் அப்பா மகன் வீட்டுக்குப் போனார்.

பால்காய்ச்சுக்கு வந்த சனம் அத்தனையும் சொல்லிவைத்த மாதிரி சுவர்க் கடிகாரமாகக் கொண்டுவந்து குவித்தது. மயில் வைத்தது, தாஜ்மஹால் வைத்தது, மணிக்கொரு தரம் குருவி கத்துகிறது. தம்பி பெண்டாட்டி ஒன்று விடாமல் மாட்டினாள். அவள் அந்த ஊர்ப் பெண்தான். வாயைத் திறந்தால் 'ங்க'தான் வரும். சுவரில் ஒரு சாண் காலியாக இருந்தால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. எதையாவது வாங்கி ஆணியடித்து மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

அடுத்த முறை போனபோது அப்பாவின் உதடு வெடித்துக் கிடந்தது. செம்பில் தண்ணீர் நீட்டினேன்.

"வேண்டாம்ளா."

"ஏன், தண்ணி கசக்குதா?"

யாரும் பக்கத்தில் இல்லை என்று காது கொடுத்துப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தரை பூரா ஒண்ணு போலக் கெடக்கு. காலு எந்தப் பக்கம் போவுதுன்னே தெரிய மாட்டேங்கு. கக்கூஸுக்குப் போணும்னா மருமவளைக் கூப்பிடணும். அந்தப் பிள்ள கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி வெளிய நிக்குது. எனக்கு மானம் போவுது. குடிச்சாத்தான போணும்?"

மலைச்சரிவில், மழையில், அட்டை கடிக்கக் கடிக்கக் கவ்வாத்துக் கத்தியோடு நின்ற மனிதர். அவர் தன் கட்டிலிலிருந்து பக்கத்துக் குளியலறைக்குப் போக வழியில்லாமல் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தம்பியைப் பிடித்து உலுக்கினேன். "அதுக்குத்தான்க்கா டயப்பர் வாங்கி வெச்சிருக்கேன்" என்றான், ஏதோ பட்டுவேட்டி எடுத்துக் கொடுத்தவன் மாதிரி. வாயில் நல்லதாக வந்தது. அவன் பிள்ளைகள் பக்கத்தில் நின்றதால் விழுங்கினேன்.

குமுளிக்குத் திரும்பியதும் கம்பத்துக்கு பஸ் பிடித்து இறங்கி, மொத்தமான பருத்தி நூலாக வாங்கிக்கொண்டு வந்தேன். மஞ்சள், சிவப்பு, மயில் நீலம், கிளிப்பச்சை, ரோஸ். கொக்கி ஊசி ஏற்கெனவே இருந்தது. பின்னுவது செல்போன் பார்த்துப் படித்த வித்தை. அந்தப் படத்தில் வருகிற அம்மாள் ஒவ்வொரு வரிக்கும் "ரொம்ப ஈஸி, ரொம்ப ஈஸி" என்பாள். அவளைக் கூட்டிக்கொண்டுவந்து, பகல் முழுக்க ஏலக்காய் பொறுக்கின விரலோடு பின்னச் சொல்ல வேண்டும்.

மதியச் சோற்றுக்குப் பிறகு ஏலக்காய்க் கடைக் கொட்டகையில் உட்கார்ந்து பின்னுவேன். கூட வேலை பார்க்கிறவளுக்கு வாய் சும்மா இருக்காது. "கண்ணு தெரியாத மனுசனுக்கு எதுக்குக்கா இத்தன கலரு?"

"கண்ணு தெரியிறவங்களும் அந்த வீட்டுல இருக்காங்களே. பார்க்க நல்லா இல்லைன்னா சுருட்டிக் கட்டிலுக்கடியில போட்டுருவாங்க."

கலர் அவர்களுக்கு. அப்பாவுக்கு அதிலிருக்கிற மேடுபள்ளம். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் ஒரே நீள விரிப்பாகப் பின்னினேன். நடுவில் வரப்பு மாதிரிப் புடைத்த கோடுகள். அதை உள்ளங்காலில் வைத்துக்கொண்டால் கால் வேறெங்கும் போகாது. ஓரம் மழமழவென்று இருக்கும். அங்கே கால் போனால் தப்பு என்று தெரிந்துவிடும். குளியலறைப் படிக்கு முன்னால் குண்டு குண்டாகக் குமிழ்கள். குமிழ் பட்டதும் நிற்க வேண்டும், கதவு அங்கேதான். ஒரு குமிழுக்கு ஒரே கண்ணியில் நூலை மறுபடி மறுபடி விட்டு இழுத்து முடிச்சுப் போட வேண்டும், கட்டைவிரல் மரத்துப்போகும். வழுக்கக் கூடாது என்று அடியில் ரப்பர்ப் பட்டை வைத்துத் தைத்தேன். இத்தாலி டைல்ஸ் ஆயிற்றே.

தீபாவளிக்குக் கொண்டுபோய் நானே விரித்தேன். அப்பா கட்டிலில் இருந்தபடியே குனிந்து ஒவ்வொரு வரியாகத் தடவினார். "நீயா பின்னுன?" என்று ரெண்டு மூன்று தரம் கேட்டார். எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். "சரிளா, சரிளா" என்றார். வீடு நிறைய விருந்தாளி. எனக்கும் மறுநாள் வேலை. கிளம்பிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துத் தம்பி வீடியோ கால் போட்டான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் தலைக்குப் பின்னால் என்னவோ மஞ்சளும் நீலமுமாகத் தெரிந்தது. "கொஞ்சம் நகருடா" என்றேன். நகர்ந்தான். தாஜ்மஹால் கடிகாரத்துக்கும் மயில் கடிகாரத்துக்கும் நடுவில், கூடத்துச் சுவரில், மேலிருந்து கீழாக என் விரிப்பு. நான்கு மூலையிலும் ஆணி. மேலே தூசி படாமல் பிளாஸ்டிக் தாள் வேறு.

அடி பாவி! சுவருக்குப் பின்னினேனா நான்? சுவர் எழுந்து கக்கூஸுக்கு நடக்கப் போகிறதா? போனை அமர்த்திவிட்டு லீவு சொன்னேன். விடிந்ததும் பஸ் ஏறினேன். வழி நெடுக என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். சிங்கத்தைக்கூட விடவில்லை. கேட்டைத் திறக்கும்போது அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

"வாங்கண்ணி, ஏனுங்க திடீர்னு?" என்று வந்தாள் தம்பி பெண்டாட்டி.

"உன் சுவத்துல இன்னும் எங்கயாவது எடம் காலியா இருக்கா? இருந்தா சொல்லு, எங்க அப்பாவையும் ஆணியடிச்சு மாட்டிருவோம்."

அவள் முகம் செத்துப்போனது. ஆனால் அழவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். "ஏனுங்கண்ணி, நானுங்களா மாட்டுனேன்? மாமாதானுங்க மிதிக்க மாட்டேன்னு ஒரே அடம். நானும் விரிச்சு விரிச்சுப் பார்த்தனுங்க. சுருட்டி மடியில வெச்சுக்கறாருங்க. தெரியாம கால் பட்டுட்டாக் குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாருங்க. அப்படிக் குனிஞ்சு விழுந்து கிழுந்து வெச்சா ஊரு என்னையத்தானுங்க பேசும்? செவுத்துல மாட்டு, நாலு பேரு பாக்கட்டும்னு சொன்னதே அவருதானுங்க."

வழியில் அடுக்கி வைத்ததையெல்லாம் அப்படியே கீழே வைத்தேன். அதற்காக அவள் பெரிய குணவதி என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. பிளாஸ்டிக் தாள் அவள் யோசனைதான்.

அப்பாவிடம் போனேன். உதடு அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர், தொடாமல் இருந்தது.

"ஏம்ப்பா, அதை மிதிச்சா என்ன?"

"எம்பிள்ள கைப்படப் பின்னுனது. கக்கூஸுக்குப் போற காலை அதுல கொண்டு வைக்கச் சொல்லுதியா? நல்ல கதை."

பள்ளிக்கூடப் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிட வைத்து எங்களை வளர்த்தவர். தோட்டத்து ஆபீஸ் வராந்தாவுக்குப் பத்தடி முன்னாலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பழகிய கால். அந்த வராந்தாவில் ஒரு கண்டாக்கு இருந்தார், வெளிவேலை பார்க்கிற மேலாள். மழையில் நனைந்து வந்தால் பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி, ஆணியில் மாட்டுகிற மாதிரி அப்பா தோளில் எறிவார். அப்பா அதை அடுப்பில் காட்டிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் அப்பா வாய்விட்டுத் திட்டிய ஒரே ஆள் அவர்தான். அதுவும் எங்கள் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "நான் பின்னினது சரிதான். நூல் யாரோடதுன்னு கேட்டீங்களா? அந்தக் கண்டாக்கு பங்களாவைக் காலி பண்ணிட்டுப் போனப்ப பழைய துணியெல்லாம் லயத்துக்குக் கொடுத்தாங்க. அதுல இருந்த ஸ்வெட்டரைப் பிரிச்சுத்தான் அந்த வரப்பு வரப்பா இருக்கிறதைப் பின்னினேன்."

அப்பா நிமிர்ந்தார். "அந்தப் பச்சை ஸ்வெட்டரா?"

"அதேதான்."

"நெசமாவா?"

"பொய் சொல்லி எனக்கென்ன ஆகணும்?"

தாடையைத் தடவினார். பிறகு, "எடுத்து விரிங்க" என்றார்.

நானும் தம்பி பெண்டாட்டியும் ஆணியைப் பிடுங்கினோம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூலையை நீவிவிட்டாள். அப்பா எழுந்து வரப்பின்மேல் வலது காலை வைத்தார். வைத்துவிட்டு, பீடித்துண்டை அணைக்கிறது மாதிரி குதிகாலைத் திருகினார். பிறகு இடது கால். அப்படியே ஒவ்வொரு அடிக்கும் ஒரு திருகு. அவள் பிடிக்க ஓடினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன். குமிழ் பட்டதும் அப்பா நின்றார். கையை நீட்டினார், கதவு இருந்தது. உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாசற்படி முட்டிய ஆடுகள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

அதே வரப்பைப் பிடித்துத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். காலைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் விரிப்பின் மேலேயே வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தார்.

"ஏளா."

"என்னப்பா?"

"அவன் ஸ்வெட்டரை எத்தன மழைக்குக் காயப் போட்டுருக்கேன். சாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கும். இது அவனோடது இல்ல."

பொய் வெளிப்பட்டதுகூடப் பெரிதில்லை. இப்போது காலை எடுத்துவிடப் போகிறாரே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எடுக்கவில்லை.

"சரி, இருந்துட்டுப் போவுது" என்றார். "அந்தச் செம்பை இப்படி எடு. தண்ணி தாகமா இருக்கு."