காருக்கு முன்னால் நிற்கிற வேலை

என் சகலைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், பஸ் டிப்போவில் மெக்கானிக் என்று சொல்லிவிடுவேன். அது பொய்யில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவருக்கு அதுதான் தொழில். ஆனால் ஒரு சீசன் முழுக்க அவர் பார்த்த வேலை வேறு. பாய்ந்து வருகிற ரேஸ் காருக்கு நேர் எதிரே போய் நிற்பது. புத்தி உள்ளவன் செய்கிற காரியமா இது என்று முதல் நாளே கேட்டேன். “யாராவது ஒருத்தர் நிக்கணும்ல சகலை” என்றார். எதைக் கேட்டாலும் அவர் இப்படித்தான் பதில் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள். ஒரே வீடு. மாடியில் நானும் மூத்தவளும். கீழே சகலையும் இளையவளும், மாமியாரும், மாமியாரின் கடைக்குட்டி மகனும். அவனுக்கு வீட்டில் சின்னவன் என்றுதான் பெயர். மீசை முளைத்து, வேலைக்குப் போய், பெண் பார்க்கிற வயது வந்த பிறகும் சின்னவன்தான். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். முன்கோபி என்று தெருவே சொல்லும். சகலையோ, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். எனக்கும் சேர்த்துப் பொறுமை அவரிடம் போய்விட்டது என்று என் மனைவி சொல்வாள்.

அந்த வருஷம்தான் நாடுகளுக்கு இடையில் கார் பந்தயம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். நாட்டுக்கு ஒரு அணி, அணிக்கு ஒரு கார். ஒரே ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கிற கார். எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே என்ஜின், ஒரே டயர். பெயின்ட் மட்டும் அவரவர் கொடியின் நிறம். ஓட்டுகிறவன் அந்த நாட்டுக்காரனாக இருக்க வேண்டும். மாதம் ஒரு நாடு என்று சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். பந்தயத்தின் நடுவே ஒரு தடவை ஓடுபாதையை விட்டு உள்ளே வந்து டயர் மாற்றியே ஆக வேண்டும் என்று விதி. வண்டி எல்லாம் ஒன்றுதான் என்பதால் டயர் மாற்றுகிற இடத்தில் கோட்டை விட்டவன் பந்தயத்தையும் கோட்டை விடுவான். அதற்குத்தான் கைவேகம் உள்ளவர்களாகத் தேடிப் பிடித்தார்கள். டிப்போவிலிருந்து சகலையை எடுத்தார்கள்.

சகலை முன் ஜாக்கி. காரின் மூக்கு வந்து நின்றதும், அதற்கடியில் ஜாக்கியைக் கொடுத்துக் கைப்பிடியை அமுக்க வேண்டும். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் மண்டியிட்டிருப்பவர்கள் துப்பாக்கி மாதிரி இருக்கிற ஒரு மெஷினால் நட்டைக் கழற்றிச் சக்கரத்தை மாற்றுவார்கள். வலது முன்சக்கரத்துக்குச் சின்னவன். பஞ்சர் கடையில் கிடந்தவனை சகலைதான் அணி மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். மாமியார் லேசில் சம்மதிக்கவில்லை.

“மாப்பிள்ளை, எனக்கு இருக்கறது ஒரே பையன். நீங்க கூட இருக்கீங்கன்னுதான் அனுப்பறேன்” என்றார்.

“என் கண்ணு முன்னாலதான் அத்தை உக்காந்திருப்பான்” என்றார் சகலை. அது உண்மைதான். அவர் நிற்கிற இடத்திலிருந்து சின்னவன் இரண்டு எட்டு தூரம்.

கார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். ஆனால் ஓட்டுகிறவன் அந்தக் காருக்குள் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டிருக்கிறான். கிட்டே வரும்போது கோடு மூக்குக்குக் கீழே மறைந்துவிடும். பழகும்போது ஒரு தடவை முன்னால் நிற்கும், ஒரு தடவை தாண்டி நிற்கும். ஓட்டியவன் பெரிய இடத்துப் பையன். அணியில் எல்லோரும் அவனை மைனர் என்பார்கள். நல்ல பையன்தான். சகலையை அண்ணே, அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுவான். இருவருமாகப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சகலை கோட்டுக்கு அந்தப்புறம் ஓர் இடத்தில் காலை ஊன்றிக்கொள்வார். மைனர் கோட்டைப் பார்க்கவே கூடாது. சகலையின் முழங்காலைப் பார்த்து வந்து, மூக்கு அதைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். மேனேஜருக்கு இது தெரியாது. அவருக்குக் கார் கோட்டில் நின்றால் சரி. அப்புறம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. சக்கரம் முழுசாக நிற்பதற்கு முன்பே சின்னவன் மெஷினை நட்டில் வைத்துவிடுவான். அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாவது பந்தயத்தில் மழை. டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரேக் பிடித்தும் கார் வழுக்கிக்கொண்டு வந்தது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் தெறித்தார்கள். சகலை மட்டும் நின்றார். கார் மோதி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, கட்டுப் போட்ட காலோடு வீட்டுக்கு வந்தார். மைனர் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். இவர் அவனைத் தேற்றினார். அடிபட்டது யார், ஆறுதல் சொல்வது யார் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவருக்குப் பதிலாக வேறொருவனை நிறுத்திப் பார்த்தார்கள். கார் கோணல்மாணலாக நின்றது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கப்போட்டன. கட்டுப் பிரித்ததும் மேனேஜர் ஆள் மேல் ஆள் அனுப்பினார்.

அதற்குள் நான் ஒன்றைக் கவனித்துவிட்டேன். ஒரு மாலை வேனை வீட்டுக்குள் விடும்போது சகலை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நடை வேகத்தில்தான் வந்தேன். மனிதர் துள்ளிப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் சட்டையெல்லாம் வேர்வை. அதற்கப்புறம் கவனித்தால், தெருவில் சைக்கிள் திரும்பினாலும் அவர் கால் பின்னால் போனது. அவருக்கே அது தெரியவில்லை.

“போதும் சகலை. காலு ஒரு தடவ பயந்துட்டா அது நம்ம பேச்சக் கேக்காது. விட்டுடுங்க” என்றேன். அவர் மனைவியும் அதையே சொல்லிக் கெஞ்சினாள்.

“நான் போகலேன்னா மைனர் யாரப் பாத்து நிறுத்துவான்? கண்டபடி வந்து ஏத்துவான். அங்க சின்னவன்ல உக்காந்திருக்கான்” என்றார்.

அப்போ அவனையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றேன். அவன் வரமாட்டேன் என்றான். கடைசிப் பந்தயம் ஒன்றுதான் பாக்கி. அணி நாலாவது இடத்தில் இருந்தது. நல்லபடியாக முடிந்தால் மூன்றாவது இடம். முதல் வருஷத்திலேயே மூன்றாவது இடம் என்று நாடே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. பஞ்சர் கடைப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை கூட இருக்கிறார் என்று தைரியமாக இருந்தார்.

கடைசிப் பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழே கூடத்தில் எல்லோரும் டிவி முன்னால். நம் நிறத்துக் கார் உள்ளே திரும்பியது. சகலை ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கி நின்றார். கார் வந்தது. அடுத்த கணம் அங்கே ஒரே களேபரம். ஜாக்கி கீழே கிடந்தது. கார் கோட்டைத் தாண்டி நின்றது. யாரோ ஓடினார்கள், யாரோ குனிந்தார்கள். டிவிக்காரர்கள் சட்டென்று வேறு காரைக் காட்டினார்கள். இளையவள் “தம்பியக் காணோமே, தம்பியக் காணோமே” என்றாள்.

வழக்கம்போல கார் நின்றுவிடும் என்று நம்பிச் சின்னவன் மெஷினை நீட்டியிருக்கிறான். சக்கரம் நிற்கவில்லை. சுழல்கிற சக்கரம் மெஷினோடு சேர்த்துக் கையையும் இழுத்துச் சுருட்டிக்கொண்டது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் தவிர மற்றதை எடுத்துவிட்டார்கள். மணிக்கட்டை அதற்கப்புறம் அவனால் திருப்பவே முடியவில்லை.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். கார் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றிருக்கிறது. ஒரே சீசனில் இரண்டாவது தடவை. அதற்கு மேல் என்ன விசாரிப்பது? மைனரை அணியிலிருந்து தூக்கினார்கள். ரேஸ் ஓட்டுகிற லைசென்சும் போயிற்று. கவனமில்லாதவன், பணத்திமிர் பிடித்தவன் என்று பத்திரிகைகள் எழுதின. நானும் கரித்துக் கொட்டினேன். பொய் சொல்வானேன், வேனில் ஏறுகிற குழந்தைகளிடம்கூட அவனைத் திட்டினேன்.

சகலை வாயைத் திறக்கவில்லை. டிப்போவுக்குப் போனார், வந்தார். சின்னவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார். ஷேவ் செய்துவிட்டார். தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று மாமியாரே சொன்னார். சின்னவன் எல்லாவற்றுக்கும் சும்மா உட்கார்ந்திருப்பான். நன்றி என்றும் சொல்ல மாட்டான், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டான். பேசி முடித்து வைத்திருந்த பெண் வீட்டார் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு மதியம் மைனர் வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். மாமியார் அவனை உள்ளே விடவில்லை. நீ நல்லா இருப்பியா, உன் கை விளங்குமா என்று கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. தெருவே வேடிக்கை பார்த்தது. பையன் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி, வராந்தாவில் நின்ற சகலையைப் பார்த்தான். சகலை வாயில் ஏதோ வந்து, மென்று முழுங்கிவிட்டார். “மன்னிச்சிருங்கம்மா” என்று சொல்லிவிட்டு மைனர் போய்விட்டான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சின்னவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு எல்லோரும் கீழேதான் சாப்பிட்டோம். சின்னவன் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துத் துழாவிக்கொண்டிருந்தான். சகலை பிசைந்து கொடுக்கலாம் என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தார். சின்னவன் விடவில்லை.

“மாமா, எனக்குக் கோடும் தெரியாது, மைனர் மூஞ்சியும் தெரியாது. கீழ உக்காந்திருக்கறவனுக்கு என்ன தெரியும்? நான் உங்க காலத்தான் பாத்துட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும்.”

சகலையின் கை தட்டிலேயே நின்றது.

“அன்னிக்கு உங்க காலு ஒரு எட்டு பின்னால போச்சு. காரும் ஒரு எட்டு வந்துச்சு. நான் கைய நீட்டிட்டேன், எடுக்க முடியல.”

இளையவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். மாமியார், “என்னடா சொல்ற?” என்றார்.

“பயம் யாருக்கும் வரும். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இன்னிக்கு அவன் கேட்டுல நின்னு அம்மாகிட்ட அவ்ளோ வாங்கிக் கட்டிக்கிட்டான். அப்பகூடச் சொல்லலியே மாமா.”

மாமியார் சகலையைப் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் குழந்தைகளை இறக்கிவிட்டு வந்ததும் சகலை வேனில் ஏறி உட்கார்ந்தார். “மைனர் வீட்டுக்குப் போகணும்” என்றார். எனக்கு அவர்மேல் கொலைவெறி. ஆனாலும் வண்டியை எடுத்தேன். இவர் தனியாகப் போனால் வழியிலேயே திரும்பி வந்துவிடுவார்.

நல்ல பெரிய வீடு. கேட்டிலிருந்து உள்ளே நீளமாகச் சிமெண்ட் பாதை. நாங்கள் இறங்குவதற்கும் கேட் திறப்பதற்கும் சரியாக இருந்தது. மைனரின் கார் வெளியே வந்துகொண்டிருந்தது. சகலை நேரே நடந்து போய்ப் பாதை நடுவில் நின்று கையைத் தூக்கினார். எனக்கு அந்த டிவி படம் ஞாபகம் வந்தது. கார் கிட்டே வந்தது. சகலை ஒதுங்கிவிட்டார். கார் அவரைத் தாண்டித் தெருவில் திரும்பிப் போய்விட்டது. உள்ளே இருந்தவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். யார் என்றுகூடக் கவனிக்கவில்லை.

“நிக்கணும்னுதான் சகலை நின்னேன்” என்றார். “காலு நிக்க மாட்டேங்குது.”

அவர் மேலிருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் வடிந்துவிட்டது. வாங்க, போகலாம், போனில் சொல்லிக்கலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. திறந்திருந்த கேட்டுக்குள் போய், பாதையின் நடுவில், வெயிலில், காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார். முறிந்து கூடிய கால் சரியாக மடங்காது. காவல்காரன் வந்து அதட்டினான். அசையவில்லை.

“உக்காந்துட்டா ஓட முடியாதுல்ல” என்றார் என்னிடம்.

மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கார் திரும்பி வந்தது. கேட்டில் வேகமாகத் திரும்பியது. சகலை இரண்டு கையையும் சிமெண்டில் ஊன்றி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். உடம்பு முழுக்கப் பின்னால் இழுத்தது. கால் மட்டும் நீட்டினபடி கிடந்தது. கார் அவர் பாதத்துக்கு முன்னால் நின்றது.

மைனர் இறங்கி ஓடி வந்தான். சகலை தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார். ஒரு எட்டு பின்னால் வைத்ததையும், விசாரணையில் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும், முந்தின நாள் வராந்தாவில் சும்மா நின்றதையும். மேனேஜரிடம் போய் எழுதிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னார். மைனர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். கோபப்படுவான், அடிப்பான் என்று நான் இடையில் புகத் தயாராக இருந்தேன்.

“புது சீசனுக்கு வேற ஆளப் போட்டுட்டாங்கண்ணே” என்றான் கடைசியில். “நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? உங்க முழங்காலத் தவிர அன்னிக்கு நான் வேற எதையும் பாக்கல. என் பேச்ச எவன் நம்புவான்னுதான் சொல்லல.” காரைப் பார்க்கத் திரும்பியவன், “அந்த மஞ்சக் கோட்டையே பாத்திருக்கலாம்ணே நான்” என்றான்.

சகலை தலையை ஆட்டினார். மைனர் காரைப் பின்னால் எடுத்து, அவரைச் சுற்றிக்கொண்டு, புல்தரையில் ஏற்றி வீட்டுக்குள் ஓட்டிப் போனான். சகலையால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன்.