கேட்டு ஊற்றிய சட்னி

நாட்டை ஆள்கிறவர் வருகிறாராம். முன்னறிவிப்பே இல்லாமல் தாராவி மெயின் ரோட்டை அடைத்துவிட்டார்கள். என் பஸ் நகரவில்லை. கீழே இறங்குகிறேன். மாட்டுங்காவுக்கு இட்லி விற்கக் கிளம்பிய சைக்கிளும் நிற்கிறது. சைக்கிள்காரர் திருநெல்வேலிக்காரர், அண்டாவைத் திறந்து, வழியில் மாட்டிக்கொண்டவர்களுக்கே பரிமாறுகிறார்.

“எப்பவும் இப்படித்தானா?” எரிச்சலோடு கேட்கிறேன்.

“ரஸ்தா பந்த்னா பந்த்தான், அண்ணாச்சி. ரோட்ட அடைச்சா அடைச்சதுதான். அவரு ராத்திரி டிவில நோட்டு செல்லாதுன்னு சொல்லுவாரு, காலைல நாம பேங்க் வரிசைல நிக்கணும். நம்மகிட்ட என்னைக்கு ஒரு வார்த்த கேட்டிருக்காரு?”

தட்டில் இட்லியை வைத்தவர், சட்னிக் கரண்டியோடு நிற்கிறார்.

“மேல ஊத்தட்டுமா, ஓரமா விடட்டுமா?”

காலையிலிருந்து என்னைக் கேட்டுச் செய்கிற முதல் ஆள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

“ஓரமா” என்கிறேன்.

ஓரமாகவே விடுகிறார்.